இடம் மாறிய ஆரஞ்சுக் கன்று

நாகபுரியிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்த ஒரு மே மாதத்தில், வீட்டுச் சாமான்களுடன் பத்து அங்குலத் தொட்டியில் ஓர் ஆரஞ்சுக் கன்றும் எங்களுடன் வந்தது. கிளையிலிருந்து ஓய்வுபெற்ற கடைநிலை ஊழியர் ஒருவர், விடைபெறும் நாளில் எங்கள் கையில் கொடுத்த கன்று அது. வாங்கிய பொருளாயின் வாடினால் வேறு வாங்கலாம். இதற்கு மாற்று இல்லை.

வந்த முதல் ஞாயிறன்றே அதனைப் பெரிய தொட்டிக்கு மாற்றினோம். நல்ல மண் கிடைக்கட்டும் என்று பழைய மண்ணை முழுவதும் உதறி, வேரைக் கழுவி நட்டு, மேற்குப் பார்த்த மாடத்தில் வைத்தோம். வெளியே ‘லூ’ எனும் அனற்காற்று வீசிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் இலைகள் சுருண்டன. பத்தாம் நாள் உதிரத் தொடங்கின. தாகம் போலும் என்று இருவேளையும் நீர் ஊற்றினோம். போதாதென்று ஒரு பிடி உரமும் இட்டோம்.

தோட்டக்கலையில் இதனை நடவு அதிர்ச்சி என்பர். மண்ணிலிருந்து நீரைப் பெரும்பாலும் உறிஞ்சுபவை தடித்த வேர்கள் அல்ல; நுனியருகே உள்ள, கண்ணுக்கு எளிதில் புலப்படாத வேர்த்தூவிகளே. மண்ணை உதறும்போது அவை அறுந்துவிடுகின்றன. இலைகளோ வெயிலிலும் காற்றிலும் நீரை இழந்துகொண்டே இருக்கின்றன. வங்கியில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: வரவு நின்றுவிட்டது, செலவு நிற்கவில்லை. அந்நிலையில் மண்ணில் நீரைத் தேக்கினால், எஞ்சிய வேர்களும் காற்றின்றி அழுகும். உரத்தின் உப்போ புண்பட்ட வேரை மேலும் வாட்டும்.

அருகிலிருந்த நாற்றங்கால்காரர் வந்து பார்த்துவிட்டு, நகத்தால் தண்டைச் சிறிதே கீறினார். உள்ளே பச்சை தெரிந்தது. இலை தானே உதிர்ந்தால் கிளையில் உயிர் இருக்கிறது, காய்ந்த இலை ஒட்டிக்கொண்டே நின்றால்தான் கவலை என்றார்.

அதன்பின் நாங்கள் செய்தவை குறைவு. செய்யாமல் விட்டவையே மிகுதி. தொட்டியை நேர்வெயில் படாத வடக்கு மாடத்திற்கு மாற்றினோம். அடைபட்டிருந்த வடிகால் துளையைக் குத்திவிட்டோம். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்த்து, ஈரம் இல்லையெனில் மட்டும் நீர் வார்த்தோம். காற்றில் ஆடினால் புதுவேர் அறும் என்பதால் மெல்லிய குச்சி ஒன்றை நட்டுத் தளர்வாகக் கட்டினோம். காய்ந்த நுனிகளை மட்டும் நறுக்கினோம். உரம் அறவே இல்லை. வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் ஆவலை அடக்குவதுதான் கடினமாக இருந்தது.

ஜூலை மழைக்குப் பின் ஒரு துளிர் வந்தது. மகிழ்ந்து இனிப்பும் வாங்கிவிட்டோம். ஆனால், துளிர் தோன்றிய இடம் தவறானது. நாகபுரி ஆரஞ்சைப் பெரும்பாலும் ஜம்பேரி எனும் முரட்டு எலுமிச்சையின் வேரில் மொட்டு ஒட்டுக் கட்டியே வளர்க்கின்றனர். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது எலுமிச்சை. அது வளர்ந்தால் சாற்றைத் தான் கவர்ந்துகொண்டு ஆரஞ்சைப் பட்டினி போட்டுவிடும். அவ்வளவு நாள் காத்திருந்து கண்ட ஒரே பசுமையை எங்கள் கையாலேயே கிள்ளி எறிந்தோம். வாசகர்களும் ஒட்டுக் கன்றை மாற்றும்போது, தண்டில் முடிச்சுப்போல் தெரியும் அந்த ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்குமாறு பார்த்துக்கொள்வது நலம். வடமாநிலங்களில் இம்மாற்றத்தைப் பிப்ரவரி, மார்ச்சிலோ மழை தொடங்கிய பின்னரோ செய்யலாம். மே மாதத்தில் வேண்டாம்.

ஆகஸ்டு இறுதியில் ஒட்டுக்கு மேலே மொட்டு விட்டது. தசராவுக்குள் பதினோரு இலைகள். அதன்பின்னரே ஒரு கைப்பிடி மட்கிய எரு இட்டோம். நாகபுரிக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னபோது, பெரியவர் கேட்ட முதற்கேள்வி: “பழைய மண்ணை உதறிவிட்டீர்களா, சாஹேப்?”