பழைய சோபாவுக்குப் புதிய உறை

தீபாவளி நெருங்கினால் தோட்டத்து வீடுகளில் தவறாமல் எழும் பேச்சு, "இந்தச் சோபாவை மாற்றிவிட வேண்டும்" என்பதுதான். துணி நைந்திருக்கும், அல்லது ரெக்சின் வெடித்து உள்ளேயிருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்கும். நல்ல நாளில் வீடு தேடி வருகிறவர்களை இதில் எப்படி உட்கார வைப்பது என்ற கூச்சம் இயல்பானதே. கடைக்காரரோ, "இப்போது பணம் வேண்டாம், தவணையில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். பண்டிகை ஒரு நாளில் முடிந்துவிடும். தவணை மாதாமாதம் வரும். மழை பெய்து மரம் சீவும் நாட்கள் குறைந்தாலும் தவணை குறைவதில்லை. ஆகவே, பழையதைத் தள்ளுமுன் அதில் கெட்டுப்போனது எது என்று பார்ப்போம்.

சோபாவின் இரு கைகளையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால், ஆணியும் பசையும் கொண்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மரத்தைக் கரையான் அரித்திருந்தால் உறைக்குச் செலவழிப்பது வீண். மடிப்புகளில் கரும்புள்ளிகள் தென்பட்டால் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று கவனியுங்கள். உறை அதை மறைக்குமே தவிர ஒழிக்காது. மரம் உறுதியாக இருந்து மேல்துணி மட்டும் நைந்திருந்தால், நமக்குத் தேவை ஓர் உறைதான்.

இழுபடும் துணியில் தைத்த ஆயத்த உறைகள் கடைகளில் கிடைக்கின்றன. முழுதும் மெத்தை வைத்த சோபாவுக்கு அளவு பார்த்து வாங்கினால் அவை பொருந்தும். மரக் கைப்பிடி உள்ள நாற்காலிகளுக்கு நாமே தைப்பதுதான் நல்லது.

துணி நெருக்கமாக நெய்த பருத்தியாக இருக்கட்டும். வழுக்கும் துணி உட்கார்ந்தவுடன் நழுவும். பெரிய பூப்போட்ட துணியில் பூக்களைப் பொருத்தி வெட்ட வேண்டியிருப்பதால் கூடுதல் துணி செலவாகும். சிறு பூவோ ஒரே நிறமோ சிக்கனம். வாங்கிய துணியை உடனே வெட்டக்கூடாது. இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். தைத்தபின் சுருங்கினால் உறை மறுபடி ஏறாது.

இனி அளவு. மரக் கைப்பிடி உள்ள ஓர் ஒற்றை நாற்காலியை எடுத்துக்கொள்வோம். அளவு நாடாவை முன்புற அடியில் தொடங்கி, இருக்கை மேல் கொண்டுசென்று, சாய்வின் மேலேறி, பின்புறம் இறக்குகிறோம். முன் இறக்கம் 12 அங்குலம், இருக்கை 22, சாய்வின் முன்புறம் 24, அதன் தடிப்பு 4, பின்புறம் 30 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 92. பலர் இந்த அளவோடு நின்றுவிடுகிறார்கள். உறை பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுவே. நாம் உட்காரும்போது மெத்தை அமுங்கித் துணியைக் கீழே இழுக்கிறது. இழுபடத் துணி இல்லாவிட்டால் தையல் பிரியும். ஆகையால் இருக்கையும் சாய்வும் சேரும் இடுக்கில் செருக, உள்ளே இறங்க 6, மேலே ஏற 6 என 12 அங்குலம் கூட்டுங்கள். இரு முனைகளிலும் மடித்துத் தைக்க இரண்டிரண்டாக 4 அங்குலம். மொத்தம் 108 அங்குலம், அதாவது 3 கஜம். மீட்டர் கணக்கில் ஏறத்தாழ 2.75. சுருங்குவதற்காகக் கால் மீட்டர் சேர்த்து வாங்கினால் கவலையில்லை.

அகலத்துக்குச் சாய்வு 20 அங்குலம் என்றால், தடிப்புக்கு 4, தையலுக்கு 2 சேர்த்து 26 அங்குலம் வெட்டுகிறோம். 36 அங்குல அகலத் துணியில் மிஞ்சும் பட்டையிலிருந்து கட்டு நாடாக்கள் கிடைத்துவிடும்.

புதுத் துணியில் கைவைக்குமுன், பழைய கைலியையோ படுக்கை விரிப்பையோ வெட்டி நாற்காலியில் போட்டுப் பாருங்கள். பிழை அதிலேயே தெரிந்துவிடும். சரியானதும் அதைப் புதுத் துணிமேல் விரித்துச் சாக்கட்டியால் கோடு போடலாம்.

சாய்வுப் பகுதியைத் தலையணை உறைபோல் இரு பக்கமும் தையுங்கள். ஆனால் கைப்பிடி மரம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேயே தையலை நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே திறந்துவிட்டு, ஓரம் மடித்து, நாடாக்களால் நாற்காலியின் கால்களோடு கட்டுங்கள். பிறகு இடுக்கில் துணியைச் செருகி, இறுகச் சுருட்டிய பழைய செய்தித்தாளை அதன்மேல் அழுத்தி வையுங்கள். எத்தனை பேர் எழுந்து உட்கார்ந்தாலும் உறை எளிதில் வெளியே வராது.

வீட்டில் தையல் இயந்திரம் இல்லையே என்று தயங்க வேண்டாம். லயத்தில் ஒரு வீட்டில் இருந்தாலும் நான்கு வீட்டு உறைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தைத்துவிடலாம். அளவெடுப்பதையும் கணக்குப் போடுவதையும் பிள்ளைகளிடம் விடுங்கள், பையன்களையும் சேர்த்துத்தான். வகுப்பில் நாம் சொல்லித்தரும் கூட்டல் எதற்கு உதவும் என்பதை அவர்கள் கையாலேயே அறிந்துகொள்வார்கள்.

கழற்றித் துவைக்க முடிவதே இந்த உறையின் பெரிய நன்மை. மாதம் ஒருமுறை துவைத்து வெயிலில் காயவையுங்கள். ஒட்டுப்பால் படிந்த வேலை உடையோடு மட்டும் யாரும் அதில் உட்கார வேண்டாம். துணியில் உறைந்த பாலை எடுப்பது மிகக் கடினம். இவ்வளவு கவனித்தால், இந்தத் தீபாவளிக்கு வருகிறவர்களைக் கூச்சமின்றி "உட்காருங்கள்" என்று சொல்லலாம். அடுத்த மாதச் சம்பளமும் முழுதாக வீடு வந்து சேரும்.