பத்து நொடி மந்திரம்

செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வாரா வாரம் வழிபாட்டு மன்றத்தில் 108 போற்றி சொல்கிறேன். சொல்லி முடித்தால் படபடப்பு அடங்கிவிடுகிறது. என் மகளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கைபேசிச் செயலி ஒன்று தயாரித்துக் கொடுத்த 'நான் எனக்குப் போதும்' என்ற வரியைத் தினமும் காலையில் சொல்கிறாள். அவளுடைய சொந்த மந்திரமாம் அது. இரண்டில் எது அறிவியல்?"

இரண்டுமே அறிவியல் இல்லை, அம்மா. ஆனால் உங்கள் படபடப்பு அடங்குவதற்கு உடம்புக்குள் காரணம் இருக்கிறது. அது ஓர் அழகான கோளாறு. அதைப் பார்ப்பதற்குமுன் சந்தையைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம்.

'உங்களுக்கென்றே ஒரு மந்திரம்' என்பது இன்று நல்ல விலை போகும் சரக்கு. செயலிச் சந்தா, வார இறுதி முகாம், கடலோர விடுதியில் இரண்டு நாள் தொகுப்பு என்று பல அளவுகளில் கிடைக்கிறது. கூடவே அதிர்வெண், ஆற்றல், டி.என்.ஏ. என்று மூன்று சொற்கள் இலவசம். பல்லவச் சிற்பிகள் இந்த வியாபாரத்தை ஏழாம் நூற்றாண்டிலேயே பார்த்திருக்க வேண்டும். மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் ஒற்றைக் காலில் நிற்கும் தவசியைப் படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள், பின்னங்காலில் நிமிர்ந்து முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் பார்க்க வேண்டும். அதைச் சுற்றி எலிகள் நிம்மதியாக இருக்கின்றன. அடுத்த முறை யாராவது 'உங்கள் மந்திரத்தின் அதிர்வெண்' என்று ஆரம்பித்தால், எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேளுங்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்விக்கு உண்மையிலேயே விடை உண்டு: 0.1 ஹெர்ட்ஸ். விற்பவர்களுக்குத்தான் அது தெரிவதில்லை.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு ஒரே ஒரு பத்தி. பிரான்சின் நான்சி நகரில் எமில் கூவே என்ற மருந்துக்கடைக்காரர், நாளுக்கு நாள் தேறி வருவதாக இருபது முடிச்சுப் போட்ட கயிற்றை எண்ணியபடி காலையும் இரவும் சொல்லச் சொல்லி, 1920களில் உலகப் புகழ் பெற்றார். ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், ஆழ்நிலைத் தியானம் செய்பவர்களை ஆராய்ந்துவிட்டு, எந்தச் சொல்லானாலும் சரி, 'ஒன்று' என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம் என்று 1975இல் புத்தகம் போட்டார். சொந்த மந்திரம் என்ற யோசனைக்கு இவர்களே பாட்டன்மார். போதும்.

இனி விஷயம். 2001 டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்து லூசியானோ பெர்னார்டியும் கூட்டாளிகளும் 23 பேரை உட்காரவைத்து, லத்தீனில் செபமாலையும், ஒரு யோக மந்திரமும் சொல்லவைத்தார்கள். இரண்டும் வெவ்வேறு மதம், வெவ்வேறு மொழி. ஆனால் இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது; இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் மூச்சோடு சேர்ந்து ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. செபமாலையில் பாதியை முன்னிருப்பவர் சொல்ல, மீதியைக் கூட்டம் சொல்லும். அவர் சொல்லும்போது நீங்கள் மூச்சை இழுக்கிறீர்கள், நீங்கள் சொல்லும்போது விடுகிறீர்கள். லத்தீனில் ஒரு சுற்றுக்குப் பத்து நொடியை ஒட்டி ஆகிறது. உங்கள் மன்றத்துப் போற்றியிலும், ஒருவர் சொல்ல மற்றவர்கள் தொடர்வதாக இருந்தால், இதே முறைதான். பக்கத்து அச்சிறுபாக்கத்தில் மழைமலை மாதா கோயில் செபமாலையிலும் இதே முறைதான். சாமி மாறுகிறது, நுரையீரல் மாறவில்லை.

அதென்ன பத்து நொடி? குளியலறைக்குப் போவோம். மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிறது. வெந்நீர்க் குழாயைத் திருகுகிறீர்கள். மேலேயிருந்து தண்ணீர் இறங்கி வர ஐந்து நொடி ஆகும். அதுவரை பச்சைத் தண்ணீர்தான். பொறுமையில்லாமல் இன்னும் திருகுகிறீர்கள். ஐந்தாவது நொடியில் முதுகு வெந்துபோகிறது. பதறிக் குறைக்கிறீர்கள், குறைத்தது வந்து சேர இன்னும் ஐந்து நொடி. அதற்குள் அளவுக்கு மீறிக் குறைத்தாகிவிட்டது, உடம்பு நடுங்குகிறது. சூடு, குளிர், சூடு, குளிர் என்று சுற்றுக்குப் பத்து நொடி. குழாயில் பழுதில்லை, கையிலும் பழுதில்லை. தாமதம்தான் எல்லாவற்றையும் செய்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் உட்காரும் எந்தப் பொறியாளரும் இதை ஒப்புக்கொள்வார்: தகவல் போய்த் திருத்தம் வந்து சேரத் தாமதமானால் ஊசலாட்டம் பிறக்கும்.

நம் உடம்பிலும் இப்படி ஒரு குழாய்வேலை இருக்கிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்தை விட்டுப் புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்த உணரிகள் உண்டு. இரத்த அழுத்தம் ஏறினால் அவை மூளைத்தண்டுக்குச் சொல்லும். அங்கிருந்து இரண்டு உத்தரவுகள் கிளம்பும். வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு 'மெதுவாகத் துடி' என்று போவது ஒன்று. அடுத்த துடிப்பிலேயே அது நிறைவேறிவிடும். மற்றது இரத்தக் குழாய்களின் தசைகளுக்கு 'தளர்ந்து கொடு' என்று போவது. அந்தத் தசைகள் சோம்பேறிகள், முழுதாகத் தளர ஏறத்தாழ ஐந்து நொடி எடுத்துக்கொள்ளும். ஆகவே நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இரத்த அழுத்தம் பத்து நொடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்குகிறது. சீக்முண்ட் மேயர் 1876இல் முயல்களிடம் இத்தகைய ஏற்ற இறக்கத்தைக் கண்டு எழுதினார். மேயர் அலை என்பது அதன் பெயர். பத்து நொடிக்கு ஒன்று என்றால் 0.1 ஹெர்ட்ஸ்.

குளியலறையை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். இப்போது சமையலறையில் ஒருவர் குழாயைத் திறந்து திறந்து மூடுகிறார். நாலு நொடிக்கு ஒருமுறை என்றால் உங்கள் தண்ணீர் லேசாகத் தடுமாறும், அவ்வளவுதான். சரியாகப் பத்து நொடிக்கு ஒருமுறை என்றால்? உங்கள் சூடும் குளிரும் அவருடைய தாளத்தோடு கைகோத்துக்கொண்டு எகிறும். அந்தச் சமையலறை ஆசாமிதான் மூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் துடிக்கும். வழக்கமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுகிறோம், அதாவது 3 முதல் 5 நொடிக்கு ஒன்று. மேயர் அலையோடு அது ஒத்துப்போவதில்லை. ஆறாகக் குறைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்; இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகும்.

வீட்டில் இப்படி நடந்தால் பிளம்பரைக் கூப்பிடுவோம். உடம்பில் இது உணரிகளுக்குக் கிடைக்கும் கசரத்து. பெர்னார்டியின் ஆய்வில் அவற்றின் கூர்மை சராசரியாக 9.5இலிருந்து 11.5ஆக உயர்ந்தது. அழுத்தம் ஓர் அலகு ஏறும்போது இதயம் எத்தனை மில்லிநொடி தாமதித்துத் துடிக்கிறது என்பதே இந்தக் கணக்கு. வேகஸ் நரம்பின் பிடி ஓங்க, படபடப்பு தணிகிறது. 23 பேர்தான், சொல்லிக்கொண்டிருந்த நேரத்து அளவுதான். மந்திரத்தால் மாங்காய் விழுந்தது என்று யாரும் இதை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த வித்தையில் மந்திரத்தின் வேலை ஒன்றே ஒன்று: மூச்சுக்கு அளவுகோலாக இருப்பது. பேசுவதற்கு மூச்சை விட்டாக வேண்டும். ஒரே நீள வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஒரே நீளத்துக்கு மூச்சு விட்டாக வேண்டும். பொருள் என்னவென்று கழுத்துத் தமனி கேட்பதில்லை. அதனால்தான் தள்ளுமுள்ளு வரிசையில் படபடவென்று சொல்லும் மந்திரத்துக்கு இந்தப் பலன் வராது. பத்து நொடிக்குள் நாலு முறை மூச்சு வாங்கினால் மேயர் அலைக்கு அது எட்டவே எட்டாது.

கழுத்துத் தமனி கேட்காத பொருளை மனம் கேட்கும். செயலிகள் சறுக்குவது இங்கேதான். கனடாவின் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 'நான் அன்புக்குரியவர்' என்ற பொருளில் ஒரு வரியைத் திரும்பச் சொன்னபோது, தம்மைப் பற்றிய மதிப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தவர்கள், அந்த வரியைச் சொல்லாத அதே போன்றவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். நம்பாத வரியை வாய் சொல்லச் சொல்ல, மனம் எதிர்வாதம் பேசும் போலிருக்கிறது. 2014இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈதன் கிராஸ் குழுவினரோ, தன்னைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுகிறவர்கள் பதற்றத்தை மேலாகச் சமாளிப்பதைக் கண்டார்கள். "டேய் முருகா, அவசரப்படாதேடா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவர் சந்தா கட்டாமலே இதைச் செய்கிறார்.

சொந்தமாக ஒன்று செய்துகொள்ளத்தான் வேண்டும் என்றால், மூன்று விதிகள் போதும். வாய்விட்டோ முணுமுணுத்தோ சொல்லுங்கள். நீங்கள் நம்பக்கூடியதைச் சொல்லுங்கள்; நம்ப எதுவும் இல்லையென்றால் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலும் சரி. நீளத்தைப் பாருங்கள். 'நான் எனக்குப் போதும்' பத்து மாத்திரையைத் தாண்டாது, இரண்டு நொடியில் முடிந்துவிடும். அதை இழுத்துப் பாடுங்கள், அல்லது ஒரே மூச்சில் மூன்று முறை சொல்லுங்கள். விடுவதற்கு ஐந்தாறு நொடி, இழுப்பதற்கு நாலைந்து. நெடில் நிறைந்த சொற்கள் வசதி.

கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஆறு மூச்சை ஒட்டி வந்தால் வரி பொருந்துகிறது. சிலருக்கு ஐந்து, சிலருக்கு ஆறரை. எட்டு வந்தால் ஒரு சொல்லைக் கூட்டுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள், கட்டாயமில்லை. இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்கு அவர் எழுதித் தந்த மாத்திரையை, மந்திரம் பலிக்கிறது என்று நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.