நீச்சற் குளமும் சரும நோயும்

பலர் இறங்கி நீராடும் நீரைத் தூய்மையாக வைத்திருப்பது பலருடைய பொறுப்பாகும். பொதுச் சொத்தின் இந்த இலக்கணத்தைக் கூட்டுறவு அங்கத்தினர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது என்பதை மேல்நாட்டு நீச்சற் குளங்கள் சிலவற்றின் வரலாறு நன்கு உணர்த்துகிறது.

ஸ்வீடன் நாட்டில் ஓரெப்ரோ என்றொரு நகரம் உண்டு. அங்கே ஒரு நீச்சற் குளத்தில் நீராடியவர்களுள் சுமார் 80 பேருக்கு, முழங்கை முதலிய இடங்களில் எளிதில் ஆறாத புண்கள் கண்டன. லின்னெல், நோர்டென் என்னும் இருவர் இதற்குக் காரணமான நுண்ணுயிரை ஆராய்ந்து, 1954-இல் விரிவாக வெளியிட்டனர். 1926-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மீன் காட்சிச்சாலையில் மடிந்த மீன்களிடம் ஆரன்சன் என்பார் கண்ட ‘மைக்கோபாக்டீரியம் மரைனம்’ என்பதே அது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. கொலராடோ மாநிலத்தில் க்ளென்வுட் ஸ்ப்ரிங்ஸ் என்னும் ஊரின் வெந்நீரூற்றுக் குளத்தில் நீராடிய 290 பேருக்கு இந்நோய் கண்ட செய்தி 1963-இல் வெளியாயிற்று.

இக்கிருமி காசநோய்க் கிருமிக்கு உறவுடையது. ஆனால் 30 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே நன்கு வளர்வது. ஆதலின் பெரும்பாலும் உள்ளுறுப்புகளை நாடாமல், உடலில் குளிர்ந்த பகுதிகளான கை, முழங்கை, முழங்கால் ஆகியவற்றிலேயே தங்குகிறது. சிராய்ப்பே அதன் நுழைவாயில். கட்டி தோன்றப் பல வாரங்கள் ஆவதால், நீராடியதையே நோயாளி மறந்துவிடுகிறார். வைத்தியரும் வேறு நோயென்று கருத நேர்கிறது. காரணம் தெரிந்த பின்னரும் பல மாதங்கள் மருந்துண்ண வேண்டிவரும்.

மற்றொரு கிருமி ‘சூடோமோனாஸ்’. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு விடுதியின் வெந்நீர்த் தொட்டியில் நீராடியவர்களுக்கு இதனால் தடிப்பு கண்டது 1975-இல் அறிவிக்கப்பட்டது. மயிர்க்கால்தோறும் சிவந்த கொப்புளங்கள் எழும். ஈர உடை ஒட்டியிருந்த இடத்தில் மிகும். பெரும்பாலோர்க்குச் சில நாட்களில் தானே தணியும். நீர் சூடேறச் சூடேறக் குளோரின் விரைவில் குறைந்துவிடுகிறது. கிருமிக்கு இடம் கிடைக்கிறது. ஆகவேதான் நீச்சற் குளத்தில் பத்து லட்சம் பங்கு நீருக்கு 1 பங்கேனும், வெந்நீர்த் தொட்டியில் 3 பங்கேனும் குளோரின் நிற்க வேண்டுமென அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் கூறுகின்றனர்.

இவற்றால் நாம் கொள்ள வேண்டிய பாடங்கள் சில. காயமும் சிராய்ப்பும் உள்ளபோது குளத்தில் இறங்கலாகாது. நீராடியபின் சோப்பிட்டுக் குளித்து, ஈர உடையை உடனே களைய வேண்டும். மீன் வளர்ப்போர்க்கும் இந்நோய் வரக்கூடும். கையில் காயமிருந்தால் உறையணிந்தே தொட்டியைக் கழுவுதல் நன்று. நூலிழைப்பதும் நாற்று நடுவதும் விரல்களாலன்றோ! விரலில் ஒரு புண் வாரக்கணக்கில் ஆறாதிருப்பின், எந்த நீரில் கை வைத்தோம் என்பதை வைத்தியரிடம் மறவாமல் கூறுங்கள். அவ்வொரு சொல் பல மாதத் துன்பத்தைக் குறைக்கக்கூடும்.

நீச்சற் குளம் நடத்துவோர்க்கும் ஒரு சொல். பெட்டியிலுள்ள ரொக்கத்தை அன்றாடம் எண்ணிக் கணக்கெழுதாத சங்கம் எங்ஙனம் நிலைக்கும்? அதுபோலவே குளோரின் அளவையும் அன்றாடம் சோதித்து ஏட்டில் பதிதல் வேண்டும். குளிக்க வருவோரும் அவ்வேட்டைக் கேட்டுப் பார்க்கத் தயங்கலாகாது.