கல் தேயும், கலை தேயாது! பாலித் தீவில் ஒரு வாடகைக் கார் பயணம்

பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே ஒரு பச்சைத் தீவு இருக்கிறது. அதன் பெயர் பாலி.

இந்தோனேஷியா நாட்டைச் சேர்ந்த தீவு அது. அந்த நாட்டில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆனால், பாலியில் மட்டும் 100-க்கு 86 பேர் இந்துக்கள்!

அங்கே கோவில் இல்லாத ஊரே இல்லை. வீட்டுக்கு வீடு சிறிய கோவில் உண்டு. சித்திரம் எழுதுகிறவர்களும் சிற்பம் செதுக்குகிறவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

கோவில், சித்திர சாலை இரண்டையும் பார்க்க நல்ல வழி, வாடகைக் கார்தான்.

காருக்கும் பூசை!

விமான நிலையம் தென்பாசார் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேயே கார் கிடைக்கும்.

நம் நாட்டைப் போலவே அங்கும் சாலையின் இடது பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். வெளிநாட்டார் ஓட்டுவதற்கு சர்வதேச லைசென்சு வேண்டும். சாலைகளோ குறுகலானவை. மோட்டார் சைக்கிள்கள் எறும்பு போல மொய்க்கும். ஆகவே பலர் டிரைவரோடு சேர்த்தே காரை அமர்த்திக்கொள்கிறார்கள்.

காரில் ஏறியதும் ஒரு காட்சி! முன்கண்ணாடியின் ஓரத்தில் ஓலையால் செய்த சின்னத் தட்டு. அதில் பல நிறப் பூக்கள். அது கடவுளுக்கு வைத்த காணிக்கை.

210 நாட்களுக்கு ஒரு முறை "தும்பெக் லண்டெப்" என்ற பண்டிகை வரும். முற்காலத்தில் அன்று கத்திக்கும் வாளுக்கும் பூசை போட்டார்கள். இப்போது காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பூசை நடக்கிறது. நம் ஊர் ஆயுத பூசையேதான்!

"ஞெபி" என்னும் புத்தாண்டு நாளில் மட்டும் காரைத் தொட முடியாது. அன்று ஊரே மவுனம். சாலையில் யாரும் நடமாடக் கூடாது. விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுவார்கள்.

கோணியில் எழுதிய சித்திரம்

முதலில் சானூர் கடற்கரைக்குப் போகலாம். அங்கே ஒரு வீடு, சித்திர சாலையாக இருக்கிறது.

பெல்ஜியம் நாட்டு ஓவியர் லெ மேயர் 1932-ம் ஆண்டு பாலிக்கு வந்தார். நி போலோக் என்ற நடன மங்கையை மணந்து, இந்தக் கடற்கரையிலேயே குடியிருந்தார். அவரது சித்திரங்களில் பெரும்பாலானவற்றில் அவள்தான் நிற்கிறாள்.

இரண்டாவது உலகப் போரில் ஜப்பானியர் தீவைப் பிடித்தனர். படம் எழுதத் துணி கிடைக்கவில்லை. லெ மேயர் சோர்ந்துவிடவில்லை. முரட்டுக் கோணியில் எழுதினார்! அந்தப் படங்களையும் இங்கே காணலாம்.

கடல் காற்று மனிதருக்கு நல்லது. சித்திரங்களுக்கோ அது எமன்! உப்பும் ஈரமும் வண்ணத்தை அரிக்கும். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் தீவில் எந்தக் கலைப்பொருளும் நெடுநாள் தாங்குவது இல்லை.

அப்படியானால் பாலி மக்கள் தங்கள் கலையை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

மேலே பார்த்தால் நரகம்!

கிழக்கே குளுங்குங் நகரில் பழைய அரண்மனையின் நீதி மண்டபம் இருக்கிறது. அதன் பெயர் "கெர்த்த கோசா". 1908-ம் ஆண்டு டச்சுப் படையை எதிர்த்து, அரச குடும்பமே திரண்டு வந்து துப்பாக்கி முன் உயிர் விட்ட நகரம் இது. அரண்மனை அழிந்தது. மண்டபம் தப்பியது.

மண்டபத்தின் மேல்கூரை முழுவதும் சித்திரங்கள். குந்தி சொன்னதன் பேரில், பீமன் நரகத்துக்குப் போய், பாண்டுவையும் மாத்ரியையும் மீட்கும் கதை அது. பாவிகளைக் கொப்பரையில் போட்டு வேக வைக்கிறார்கள். குற்றவாளி தலையை நிமிர்த்தினால் அதைத்தான் காண்பான்! பிறகு பொய் சொல்ல நா எழுமா?

இந்தச் சித்திரங்கள் பல முறை பழுதாயின. ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதினார்கள். 1960-ம் ஆண்டும் அப்படி எழுதினார்கள். பக்கத்திலுள்ள கமாசன் கிராமத்தில் இன்றும் அதே பாணியில் படம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பறந்து போன படங்கள்

அடுத்து உபுத். பாலிக் கலையின் தலைநகர் இது.

1930-க்குப் பிறகு வெள்ளைக்காரப் பயணிகள் நிறைய வந்தனர். நல்ல படங்களை விலைக்கு வாங்கிக்கொண்டு போயினர். எழுதியவனுக்குக் காசு கிடைத்தது. ஆனால் படம் தீவை விட்டே போய்விட்டது!

1936-ம் ஆண்டு உபுத் அரச குடும்பத்தினர், ஓவியர் லெம்பாத், ஐரோப்பிய ஓவியர்கள் ஸ்பீஸ், பொன்னெட் ஆகியோர் சேர்ந்து "பித்த மகா" என்ற கலைஞர் சங்கத்தைத் தொடங்கினர். படங்களைத் தரம் பார்த்துப் பொறுக்கினர். பிறகு 1956-ம் ஆண்டு "பூரி லுகிசான்" சித்திர சாலை திறக்கப்பட்டது. "சித்திர அரண்மனை" என்று அதற்குப் பொருள். தாமரைக் குளங்களுக்கு நடுவே இருக்கிறது.

1982-ல் நெக்கா சித்திர சாலை எழுந்தது. அதைத் தொடங்கிய சுதேஜா நெக்கா, முன்பு பள்ளிக்கூட ஆசிரியர். 1996-ல் அகுங் ராய் மற்றொன்றைத் திறந்தார். இவர் ஒரு காலத்தில் பயணிகளிடம் படம் விற்றுப் பிழைத்தவர். விற்றவரே பிறகு சேர்த்து வைத்தார்!

உபுத் நகரின் நடுவே சரசுவதி கோவில் இருக்கிறது. அதை அமைத்ததும் ஓவியர் லெம்பாத்தான். காகிதத்தில் கோடு போட்ட கைதான் கோவில் கல்லிலும் உளி பிடித்தது. அவர் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்து, 1978-ல் மறைந்தார்.

குகைப் பிள்ளையார்

உபுத்துக்கு அருகில் "கோவா கஜா" என்ற குகைக் கோவில். அரக்கன் வாய் திறந்தது போன்ற வாசல். உள்ளே ஒரு பக்கம் நம் பிள்ளையார். மறு பக்கம் மூன்று லிங்கங்கள். எதிரே உள்ள தீர்த்தக் குளங்கள் மண் மூடிக் கிடந்தன. 1954-ம் ஆண்டில்தான் தோண்டி எடுத்தார்கள்.

கோவிலுக்குள் போகிறவர்கள் இடுப்பில் கைலியும், அதன் மேல் ஒரு துண்டும் கட்ட வேண்டும். பூசை செய்வோரின் குறுக்கே நின்று படம் பிடிக்கக் கூடாது. சித்திர சாலை பார்க்கும் இடம். கோவில் கும்பிடும் இடம்.

பாலிக் கோவில் சிற்பங்கள் பெரும்பாலும் மென்மையான எரிமலைக் கல்லில் செய்தவை. பாசி பிடிக்கும். மழையில் தேயும். மூக்கும் விரலும் மழுங்கும். அதற்காக யாரும் தலையில் கை வைத்து உட்காருவது இல்லை. தேய்ந்தால் புதிது செதுக்குகிறார்கள்!

சைக்கிள் ஓட்டும் துரை

மலைச் சாலையில் ஏறி வடக்கே இறங்கினால் குபுதம்பாகன் ஊர். அங்குள்ள மதுவே கராங் கோவில் சுவரில் ஒரு வேடிக்கைச் சிற்பம். ஒரு துரை சைக்கிள் ஓட்டுகிறார்! சைக்கிளின் பின்சக்கரமோ மலர்ந்த பூ!

1904-ம் ஆண்டு சைக்கிளில் ஊர் சுற்றிய டச்சு ஓவியர் நியூவென்காம்ப்தான் அவர் என்று சொல்கிறார்கள். 1917-ம் ஆண்டு நில நடுக்கத்தில் சிற்பம் சேதம் அடைந்தது. மறுபடியும் செதுக்கிச் சீர் செய்தார்கள்.

பழைய படத்தைச் சித்திர சாலை காக்கிறது. ஆனால், புதிதாகச் செதுக்கத் தெரிந்த கையை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் பூட்டி வைக்க முடியாது. தகப்பன் மகனுக்குக் கற்றுக்கொடுத்தால்தான் அது பிழைக்கும்.

பாலிக்குப் போகிறவர்கள் சித்திர சாலையோடு திரும்பிவிட வேண்டாம். வழியில் ஏதாவது ஒரு கிராமத்தில் உளிச் சத்தம் கேட்கும். அங்கே காரைச் சற்று நிறுத்துங்கள்!