அம்பத்தூர் என்னும் சத்திரம்

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

“உள்ளூர் மாடு விலை போகாது” என்று நம் பெரியோர் சொல்லுவர். மாட்டுக்கு மட்டுமன்று, ஊருக்கும் இது பொருந்தும் போலும். விடுமுறைக்கு வரும் உறவினர் எவரும் அம்பத்தூரைச் சுற்றிக் காட்டும்படி கேட்டதாக எங்கள் வகுப்பில் ஒருத்திகூடச் சொன்னதில்லை. மெரினாவைக் கேட்பார்கள், மாமல்லபுரத்தைக் கேட்பார்கள், காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை எடுக்க வேண்டும் என்பார்கள். அம்பத்தூர் என்றால் தொழிற்பேட்டை, லாரி, புகை, ஆலைச் சங்கு. அவ்வளவுதான்.

அவர்கள் நினைப்பதில் தவறில்லை. இங்கே கடலும் இல்லை, மலையும் இல்லை. ஆனால் பார்க்க வேண்டிய ஊர் வேறு, தங்கிப் புறப்பட வேண்டிய ஊர் வேறு அன்றோ? அந்தக் காலத்து வழிப்போக்கர்கள் சத்திரத்தைப் பார்ப்பதற்காகச் சத்திரத்தில் தங்கவில்லை. நாலு திசைக்கும் வழி, குடிக்கத் தண்ணீர், குறைந்த விலையில் சோறு, பயமின்றித் தலை சாய்க்க ஓர் இடம் ஆகியவை இருந்தால் அது நல்ல சத்திரம். இந்த அளவுகோலால் அளந்தால் எங்கள் அம்பத்தூர் எப்படிப்பட்ட சத்திரம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிற்சாலைகள் வந்த வழி

ஒரு தொழிற்சாலை கட்ட நினைப்பவர் என்னென்ன பார்ப்பார் என்று எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை ஒருநாள் கேட்டார். நிலம் மலிவாக இருக்க வேண்டும். மூலப்பொருள் வந்து சேரவும் செய்த பொருள் வெளியே போகவும் ரயிலும் சாலையும் வேண்டும். வேலையாட்கள் நேரத்தில் வந்து போக வசதி வேண்டும். பெரிய நகரமும் துறைமுகமும் அருகில் இருக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் கரும்பலகையில் எழுதினார். எழுதி முடித்ததும், “சரக்குக்கு வேண்டிய வழியெல்லாம் பயணிக்கும் வேண்டிய வழிதானே?” என்றார். எங்களுக்குப் பொறி தட்டியது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அந்தப் பாதை எங்கள் ஊர் வழியாகவே மேற்கே செல்கிறது. ரயிலும் திருவள்ளூர் நெடுஞ்சாலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இந்த இடத்தில் 1949-இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964-இல் அரசு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அமைத்தது. ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் அங்கே இயங்குகின்றன. அடுத்துள்ள ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், கிழக்கே பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் இதே பாதையை ஒட்டியே எழுந்தன. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது.

ஆகவே எங்கள் ஊர் வெறும் தொழிற்பேட்டை மட்டும் அன்று. பல பாதைகள் கூடுமிடம். பாதைகள் கூடியதால்தான் தொழிற்சாலைகள் கூடின. இது முதலாவது காரணம்.

வேலையாட்களுக்கு வேண்டியது வழிப்போக்கருக்கும் வேண்டும்

இரண்டாவது காரணம், ‘ஷிப்ட்’ முறை. முதல் ஷிப்டுக்குப் போகிறவர் விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டாம் ஷிப்டு முடித்தவர் நள்ளிரவை ஒட்டி வீடு திரும்ப வேண்டும். ஆதலால் மின்சார ரயில் இருட்டிலேயே ஓடத் தொடங்கி, இரவு நெடுநேரம் வரை ஓடுகிறது. டீக்கடையில் விடியுமுன்பே பாலைக் காய்ச்சிவிடுவார்கள். சுற்றுலா ஊர்களில் எட்டு மணிக்குத் திறக்கும் கடை, இங்கே ஐந்து மணிக்கே திறந்திருக்கும்.

மூன்றாவது காரணம், விலை. இங்குள்ள மெஸ்களும் கையேந்தி பவன்களும் நாள்தோறும் வந்து சாப்பிடும் உழைப்பாளிகளுக்காக நடப்பவை. விலையை ஏற்றினால் நாளைக்கு ஆள் வரமாட்டார். ருசி குறைந்தாலும் வரமாட்டார். ஒரே ஒரு நாள் வந்து போகும் சுற்றுலாப் பயணியிடம் வாங்கும் விலையை, தினம் முகம் பார்க்கும் மனிதரிடம் வாங்க முடியுமா? பையின் ஜிப் அறுந்தாலும், செருப்பு வார் போனாலும், தண்ணீர்ப் பாத்திரத்தின் மூடி உடைந்தாலும் சரிசெய்து கொடுக்க ஆள் உண்டு. ஒரு குண்டூசி முதல் இயந்திரத்தின் பல்சக்கரம் வரை செய்யும் ஊரில் செருப்பு வார் ஒரு பெரிய காரியமா?

நான்காவது காரணத்தைப் பயணம் செய்தவர் மட்டுமே அறிவர். காலையில் கூட்டமெல்லாம் சென்னையை நோக்கிப் போகும். மாலையில் சென்னையிலிருந்து திரும்பும். நாம் காலையில் மேற்கே போய் மாலையில் கிழக்கே திரும்பினால், கூட்டத்துக்கு எதிர்த்திசையில் செல்கிறோம். ஜன்னலோரம் கிடைக்கும், பாட்டிக்கும் உட்கார இடம் கிடைக்கும்.

மேற்கே ஒரு நாள்

இனி, போகக்கூடிய இடங்களைப் பார்ப்போம். மேற்கே ரயில் ஏறினால் அடுத்த நிலையமே திருமுல்லைவாயில். முல்லைக் கொடியில் யானையின் கால் சிக்கிய தொண்டைமான் கதையைச் சொல்லும் மாசிலாமணீசுவரர் கோயில் அங்கே உள்ளது.

அதைத் தாண்டிச் சென்றால் திருநின்றவூர். பெரியபுராணம் கூறும் பூசலார் நாயனாரின் ஊர் இதுவே. கோயில் கட்ட ஆசைப்பட்ட பூசலாரிடம் பொருள் இல்லை. எனவே அவர் மனத்துக்குள்ளேயே நாள் பார்த்து, கல் அடுக்கி, கோபுரம் எழுப்பிக் கோயிலைக் கட்டி முடித்தார். காஞ்சியிலே பெரும்பொருள் செலவிட்டுக் கோயில் எழுப்பிய பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, “உன் குடமுழுக்கை வேறு நாளுக்குத் தள்ளி வை, அன்று நான் பூசலாரின் கோயிலுக்குப் போக வேண்டும்” என்றானாம். எந்தச் சமயத்தவராயினும் இக்கதை நெஞ்சைத் தொடும். பூசலாரின் நினைவாக எழுந்த இருதயாலீசுவரர் கோயிலும், பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் இவ்வூரில் உள்ளன.

அடுத்தது திருவள்ளூர். ஏறத்தாழ முக்கால் மணி நேரப் பயணம். அங்கிருந்து பேருந்தில் பூண்டிக்குச் செல்லலாம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் அங்கே உள்ளது. சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் இதுவும் ஒன்று. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று மட்டும் அறிந்தவர்கள், அது எங்கே தேங்கிக் கிடக்கிறது என்பதையும் ஒருமுறை கண்ணாரக் காண வேண்டாமா?

பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1985-இல் தொடங்கிய சிறிய அருங்காட்சியகமும் உள்ளது. அப்பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் 1863-இல் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்ற ஆய்வு முடிவு 2011-இல் வெளியாயிற்று. இன்று நம் தந்தையர் லேத்தில் இரும்பைக் கடைகிறார்கள். அன்று அதே வட்டாரத்தில் யாரோ ஒருவர் கல்லைக் கொத்திக் கோடரி செய்தார். கருவி செய்யும் தொழில் இந்த மண்ணுக்குப் புதிதன்று!

இன்னும் மேற்கே திருவாலங்காடு. நடராசரின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை இங்கே உள்ளது. காரைக்கால் அம்மையார் வாழ்வோடு இணைந்த ஊரும் இதுவே. முதலாம் இராசேந்திர சோழனின் புகழ்பெற்ற திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905-இல் கண்டெடுக்கப்பட்டன. அரக்கோணம் தாண்டினால் திருத்தணி. ஆண்டின் நாட்களைப் போல் 365 படிகள் கொண்ட குன்றின் மேல் முருகன் கோயில். ஆசிரியர் தினம் யாருடைய பிறந்தநாளோ, அந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்ததும் திருத்தணியில்தான்.

கிழக்கே அரை நாள், தெற்கே ஒரு நாள்

கிழக்கே செல்ல அரை நாள் போதும். வில்லிவாக்கத்தில் இறங்கினால் ரயில் பெட்டித் தொழிற்சாலையை அடுத்துள்ள ரயில் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். 1955 அக்டோபர் 2-ஆம் நாள் பிரதமர் நேரு தொடங்கி வைத்த இத்தொழிற்சாலையிலேதான் 2018-இல் முதல் ‘வந்தே பாரத்’ ரயில் உருவாயிற்று. பெரம்பூரில் இறங்கினால் லூர்து அன்னை ஆலயம். சென்ட்ரல் வரை சென்றால் எழும்பூர் அருங்காட்சியகம் அருகிலேயே உள்ளது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதை மறக்கக் கூடாது. அங்கிருந்து சாந்தோம், பரங்கிமலை, சின்னமலை ஆகிய இடங்களுக்கும் ரயிலிலோ பேருந்திலோ சென்று வரலாம்.

தெற்கே சாலை வழி. பூவிருந்தவல்லிக்குப் போய்ப் பேருந்து மாறினால், இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம் சேரலாம். அங்கே பல்லவன் இராசசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பூசலார் கதையில் வரும் மன்னன் கட்டியது அக்கோயிலே என்பது வழக்கு. திருநின்றவூரை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு காஞ்சிக்குப் போனால், ஒரு கதையின் இரு முனைகளையும் பார்த்தவர் ஆவோம்.

கவனிக்க வேண்டியவை

நிறைகளை மட்டும் சொல்லுவது நேர்மையாகாது. தொலைதூர ரயில்கள் பெரும்பாலும் அம்பத்தூரில் நிற்பதில்லை. சென்ட்ரலுக்கோ பெரம்பூருக்கோ போய்த்தான் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில்களின் எண்ணிக்கை குறையும். நேரத்தை முன்னரே பார்த்துக் கொள்ளுவது நல்லது. காலை எட்டு முதல் பத்து மணி வரை சென்னை நோக்கிச் செல்லும் ரயிலில் குழந்தைகளோடு ஏற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். தை முதல் பங்குனி வரை பயணத்துக்கு ஏற்ற காலம்.

இங்குள்ள மேன்ஷன்களும் அறைகளும் பெரும்பாலும் ஆண் தொழிலாளர்கள் தங்குபவை. பெண்கள் உறவினர் வீட்டில் தங்குவதே நலம். அப்படி ஒரு வீடு ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கும். ஏனெனில் தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. ரயிலில் மகளிர் பெட்டி உண்டு. 2021-இல் வந்த திட்டத்தால் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டால் மதியச் செலவும் இல்லை.

எங்கள் குறிப்பேடு

எங்களுள் பலருடைய தந்தையர் லேத், பிரஸ், வெல்டிங் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். தாய்மார் சிலர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் தையல் வேலைக்குப் போகிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. அதுவும் இருவருக்கும் ஒரே நாளாக அமைவது அரிது. ஆண்டுதோறும் சுற்றுலா அறிவிப்பு வரும்போது, வீட்டு நிலைமையை எண்ணிப் பெயர் கொடுக்காமல் மௌனமாக இருக்கும் தோழிகள் எங்களிடையே உண்டு. “எனக்கு வண்டியில் போனால் தலை சுற்றும்” என்று அவர்கள் சொல்லுவார்கள். தலைசுற்றல் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே இவ்வாண்டு நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குறிப்பேடு எழுதினோம். ஊர், போகும் வழி, ஆகும் செலவு, திரும்பும் நேரம் என நான்கு பத்திகள். காலையில் கிளம்பி, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்ப முடிந்த இடங்களை மட்டுமே அதில் சேர்த்தோம். ஒவ்வொரு குடும்பமும் போய் வந்த பிறகு அடுத்தவருக்குப் பயன்படும் ஒரு செய்தியை அதில் எழுத வேண்டும் என்பது விதி.

ஒரு தோழியின் குடும்பத்தார் ஐவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூண்டிக்குப் போனார்கள். அவள் அப்பா பத்து ஆண்டுகளாக இரவு ஷிப்டு பார்ப்பவர். ஐவருக்கும் ஆன செலவு, ஒருத்திக்கு ஆகும் சுற்றுலாக் கட்டணத்தில் பாதிகூட இல்லை. குறிப்பேட்டில் அவள் எழுதியது இவ்வளவே: “அணைக்கரையில் நிழல் குறைவு, குடை எடுத்துச் செல்லவும். அப்பா பகலில் தூங்காமல் எங்களோடு பேசிக்கொண்டே வந்தார்.” இரண்டாவது வரி எந்தப் பத்தியிலும் அடங்காது. ஆயினும் அதை நாங்கள் அடிக்கவில்லை.

பொதுத்தேர்வு முடிந்ததும் நாங்கள் மேனிலைப் பள்ளிக்கும் பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் எனப் பிரிந்து போவோம். குறிப்பேடு நம் பள்ளி நூலகத்தில் இருக்கும். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் அதில் தொடர்ந்து எழுத வேண்டும். பாதிக்கு மேல் பக்கங்கள் வெறுமையாகவே உள்ளன. சிஸ்டர்களும் ஆசிரியைகளும் தாங்கள் அறிந்த இடங்களைச் சேர்த்தருள வேண்டும். பெற்றோர்களே, அடுத்த ஓய்வு நாளில் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஊரிலிருந்து வரும் உறவினரிடம், “எங்கள் ஊரில் பார்க்க ஒன்றுமில்லை” என்று இனிச் சொல்ல வேண்டாம். “இங்கே தங்குங்கள், இங்கிருந்து எங்கும் போகலாம்” என்று சொல்லுங்கள்.