ஏரியில் யாரும் விடாத மீன்

மந்தைவெளித் தெருக்களில் காலை நேரத்தில் மீன் கூடையோடு வரும் அம்மையாரிடம் இல்லத்தரசிகள் கேட்கும் முதற்கேள்வி, “கடல் மீனா, ஏரி மீனா?” என்பதாகும். ஏரி மீன் என்று விடை வந்தால், கூடையில் பெரும்பாலும் சாம்பல் நிறமும், தட்டையான உடலும், முள் நிறைந்த முதுகுத் துடுப்பும் உடைய ஒரு மீன் இருக்கக் காணலாம். ஜிலேபிக் கெண்டை என்பது அதன் பெயர். விலை மலிவு, ஏழை எளியோர் வீட்டுக் குழம்புக்கு அதுவே பெருந்துணை.

நமது அங்கத்தினர்களில் பலர் ஏரிப் பாசனத்தை நம்பிப் பயிரிடுபவர்கள். அவர்களுடைய ஊர் ஏரியிலும் இந்த மீன் உண்டு. ஆயினும் அதை விட்டது யார் என்று கேட்டால் ஒருவரும் விடை சொல்வதில்லை. மீன் குத்தகை எடுக்கும் சங்கத்தார் காசு கொடுத்து வாங்கி விடுவது கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளையே. வலையில் நிறைந்து வருவதோ ஜிலேபி. விதைத்தது ஒன்று, விளைந்தது மற்றொன்று என்னும் இந்த விசித்திரத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வற்றிய ஏரியில் மீண்டும் மீன்

சென்னைக்கு மேற்கே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியை அறியாதார் இலர். முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இன்று அது நகரின் குடிநீர்த் தேக்கங்களில் ஒன்று. அதன் உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து, மந்தைவெளிக்கு அருகிலேயே, பட்டினப்பாக்கத்தை அடுத்த முகத்துவாரத்தில் கடலில் கலக்கின்றது. ஆகவே அந்த ஏரியின் மீனும் நம் பேட்டைக்கு ஒருவகையில் உறவினரே.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் இந்த ஏரி வறண்டது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு வெடித்த சேற்று நிலமே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரிந்தது. அடுத்த ஆண்டு, 2020 நவம்பரில், நிவர் புயல் மழையில் அதே ஏரி ஏறக்குறைய நிரம்பி, மதகுகள் திறக்கப்பட்டன. நீர் வந்தது வானத்திலிருந்து. மீன் வந்தது எங்கிருந்து?

இதற்கு விடை இரண்டு. முதலாவது, தொண்டை நாட்டு ஏரிகள் தனித்தனியானவை அல்ல. ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்ததன் வரத்துக் கால்வாயில் நீர் பாயும்படி நம் முன்னோர் அவற்றைச் சங்கிலிபோல் கோத்து வைத்தனர். இந்நாளில் பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்தும் செம்பரம்பாக்கத்திற்கு இணைப்புக் கால்வாய் உண்டு. ஓர் ஏரியில் குடியேறிய மீன் மற்ற ஏரிகளுக்குச் செல்ல யாருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.

இரண்டாவது விடை இன்னும் வியப்பானது. கட்லாவும் ரோகுவும் பெருக்கெடுத்து ஓடும் ஆற்று நீரில் முட்டையிடுபவை. தேங்கிய ஏரியில் அவை பொதுவாக இனம் பெருக்குவதில்லை. ஜிலேபி அப்படியன்று. ஆண் மீன் நீரடித் தரையில் வட்டமான பள்ளம் தோண்டுகின்றது. பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே அம்முட்டைகளைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொள்கின்றது. முட்டை பொரிவதும் குஞ்சு வளர்வதும் தாயின் வாயிலேதான். இந்நாட்களில் தாய் ஏறக்குறைய பட்டினி கிடக்கின்றது. சுமார் இரண்டு வாரங்களில் குஞ்சுகள் வெளியே வந்தாலும், ஆபத்து நேர்ந்தால் தாயின் வாய்க்குள்ளேயே ஓடி ஒளிகின்றன. ஆகையால் ஏரி வற்றும்போது வரத்துக் கால்வாயின் ஒரு மடுவில் வாய் நிறையக் குஞ்சுகளோடு தாய் மீன் ஒன்று தப்பினால் போதும். அடுத்த மழையில் ஏரிக்கு நூற்றுக்கணக்கான குடிகள் வந்துவிடும். சில திங்களிலேயே அக்குஞ்சுகளும் இனம் பெருக்கத் தொடங்கிவிடுகின்றன.

பெயரும் ஊரும்

இந்த மீனின் தாயகம் தென்கிழக்கு ஆப்பிரிக்கா. மொசாம்பிக் நாட்டிலிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு ஜெர்மானிய அறிஞர் பீட்டர்ஸ் 1852-ஆம் ஆண்டில் இதை விவரித்துப் பெயரிட்டார். திலாப்பியா என்று உலகம் அழைக்கும் பெயரை நம் சந்தை ஜனங்கள் நாவுக்கு இனிய பண்டத்தின் பெயராகத் திருத்திக்கொண்டனர் போலும்.

ஆப்பிரிக்க மீன் ஆசியாவுக்கு வந்த வரலாறு ஒரு துப்பறியும் கதையை ஒக்கும். 1939-ஆம் ஆண்டில், ஜாவாத் தீவின் தென்கரையில் ஒரு கழிமுகத்தில், முஜாயிர் என்னும் கிராமத்தவர் இதுவரை கண்டிராத சில மீன்களைப் பிடித்தார். ஐந்தே மீன்கள் என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. கடலுக்கு அப்பால் ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலுள்ள மீன் அங்கே வந்தது எவ்வாறு? கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்காக மீன் வளர்ப்போர் கொணர்ந்து விட்டிருக்கலாம் என்பதே பலர் கருத்து. ஆனால் இன்றுவரை அது ஐயமற நிறுவப்படவில்லை. முஜாயிர் அம்மீன்களைத் தம் குளத்து நன்னீரில் பழக்கி வளர்த்தார். இன்றும் இந்தோனேசியாவில் இம்மீனுக்கு அவர் பெயரே வழங்குகின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் ஆட்சியில் ஜாவாவின் மீன் பண்ணைகளுக்கு வழக்கமான பால்மீன் குஞ்சுகள் கிடைப்பது அரிதாயிற்று. அந்த இடத்தை இம்மீன் நிரப்பிற்று. பின்னர் மலேயாவுக்கும் இலங்கைக்கும் பரவி, 1952-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து இராமநாதபுரத்துக் கடற்கரையிலுள்ள மண்டபம் வந்து சேர்ந்தது. நாட்டில் உணவுப் பஞ்சம் நீங்காத நாட்கள் அவை. எளிதில் வளர்ந்து, எதையும் தின்று, உப்பு நீரிலும் நன்னீரிலும் வாழும் மீன் வரப்பிரசாதமாகவே தோன்றியது. குளங்களிலும் ஏரிகளிலும் அது விடப்பட்டது.

வரமா, சாபமா?

ஆனால் சில ஆண்டுகளுக்குள் குறையும் புலப்பட்டது. குளத்தில் கூட்டம் பெருகப் பெருக, ஒவ்வொரு மீனும் சிறுத்தது. உணவு முழுவதும் இனப்பெருக்கத்திலேயே செலவாகி, விரல் நீள மீன்களே வலையை நிறைத்தன. கட்லா, ரோகுக் குஞ்சுகளுக்குரிய உணவையும் அவை பங்கு போட்டன. 1959-ஆம் ஆண்டில் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இம்மீனைப் பரப்பலாகாது என்று தடை விதித்தது. தடை தாளில் இருந்தது. மீனோ தண்ணீரில் இருந்தது. ஏழே ஆண்டுகளில் அது எட்டிவிட்ட நீர்நிலைகளிலிருந்து அதைத் திரும்ப அழைக்க ஒரு சட்டத்தாலும் இயலவில்லை. உடுமலை அருகே 1950-களில் கட்டப்பட்ட அமராவதி நீர்த்தேக்கத்தில் பிற்காலத்தில் மீன் பிடிப்பின் பெரும்பகுதி ஜிலேபியாகவே ஆயிற்று.

எனினும் இலங்கையில் இதே மீன் வேறு கதை சொல்லுகின்றது. பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரம் போன்ற பண்டை நீர்த்தேக்கங்களில் முன்பு மீன் பிடிப்பு சிறு அளவிலேயே நடந்தது. ஜிலேபி வந்தபின் அங்கே மீன்பிடித் தொழில் தழைத்தது. உள்நாட்டு மக்களுக்கு மலிவான மீன் கிடைத்தது. பரந்த நீர்த்தேக்கத்தில், அகன்ற கண்ணி வலைகொண்டு ஆண்டு முழுதும் பெரிய மீன்களை எடுக்கும் இடத்தில் அது உதவியாயிற்று. சிறு குளத்தில், வலை போடாது விட்ட இடத்தில் அது தொல்லையாயிற்று. மீன் ஒன்றே; நீரும் வலையும் வேறு.

இன்று கூடையில் வருவதெல்லாம் அந்தப் பழைய மொசாம்பிக் மீனும் அன்று. நைல் நதியின் இனமான மற்றொரு திலாப்பியாவும் பின்னாளில் நாட்டுக்குள் நுழைந்தது. பிலிப்பைன்ஸில் 1988 முதல் தேர்ந்தெடுத்து வளர்த்து உருவாக்கப்பட்ட அதன் மேலினத்தைப் பண்ணையில் வளர்க்க நம் அரசு நிபந்தனைகளோடு அனுமதி அளித்துள்ளது. வால் துடுப்பில் மேலிருந்து கீழாக வரிசையாய்க் கோடுகள் இருந்தால் அது நைல் இனம். கோடின்றி, ஆண் மீன் கருத்து, துடுப்பு ஓரம் சிவந்திருந்தால் மொசாம்பிக் இனம். இரண்டும் கலந்த கலப்பினமும் உண்டு. அதைப் பிரித்தறிவது வல்லுநர்க்கும் எளிதன்று.

சங்கத்தார் செய்யத்தக்கவை

இதனால் நட்டமடைவோர் யார் என்பதை நாம் மறத்தல் ஆகாது. குஞ்சு வாங்கப் பணம் கட்டி, குத்தகையும் செலுத்தி, இரவெல்லாம் வலை வீசிய மீனவச் சங்கத்தாருக்கு, விரல் நீள ஜிலேபி கொடுக்கும் விலை கைச்செலவுக்கே காணாது. நம் நாட்டுக்கே உரிய செத்தக்கெண்டை, கேரளத்தார் கரிமீன் என்று போற்றுவது, இந்த ஆப்பிரிக்க மீனின் குடும்பத்தையே சேர்ந்தது. இரைக்கும் இருப்பிடத்துக்கும் அது தன் அயல்நாட்டு உறவினனோடு போட்டியிட வேண்டியதாயிற்று.

ஜிலேபியை அடியோடு ஒழிப்பது இனி நடவாத காரியம். அடக்கி ஆள்வது நடக்கும். ஏரியில் விடும் கட்லா, ரோகுக் குஞ்சுகள் விரலளவுக்கு மேல் வளர்ந்தவையாக இருத்தல் நலம். ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்னும் விராலைக் காப்பாற்றுதல் வேண்டும். அதன் குஞ்சுக் கூட்டத்தை வலையிட்டு அள்ளுவது நம் காவலாளியை நாமே கொல்வதற்கு ஒப்பாகும். கோடையில் நீர் குறைந்து மடுக்களில் மீன் ஒதுங்கும்போது ஜிலேபியைச் சிறிதும் பெரிதுமாக முற்றும் பிடித்துவிடுதல் தகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுத் தொட்டியில் சலித்துப்போன மீனைக் குளத்திலோ கால்வாயிலோ விடுதல் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தியும், தொட்டிச் சுவரைச் சுரண்டும் தென் அமெரிக்க மீனும் நம் நீர்நிலைகளில் புகுந்தது இத்தகைய அசட்டையாலும் ஆசையாலுமே.

இவற்றுள் ஒன்றையும் தனியொருவர் செய்து பயனில்லை. மேல் ஏரிக்காரர் கவனியாது விட்டால், கீழ் ஏரிக்காரர் உழைப்பு ஒரே மழையில் வீணாகும். நீர் பொதுவாக இருக்கும் வரை மீனும் பொதுவே. அதன் நிர்வாகமும் பொதுவாகவே இருத்தல் வேண்டும். ஆகையால் ஒரே கால்வாயால் இணைந்த ஊர்களின் சங்கங்கள், அடுத்த குத்தகை ஆண்டு தொடங்குமுன் ஒருமுறை கூடி, குஞ்சு விடுவதையும் வலையின் கண்ணி அளவையும் ஒன்றாகத் தீர்மானித்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.