உலாவிக்கு ஒரு காவற்காரன்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் வீதியில், தெல்தெனியவைத் தாண்டி மலையேறினால் வருவது ஹுன்னஸ்கிரிய. இந்தப் பக்கத்து மக்களுக்கு இடம்பெயர்வு புதிதல்ல. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த பெருமழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தில் இன்னும் பல குடும்பங்களின் வீட்டையும் காணியையும் பறித்தன.

அன்று ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிக் கையோடு கொண்டு போனார்கள். இன்று அந்தப் பெட்டி கைத்தொலைபேசியாகி விட்டது. அடையாள அட்டையின் படம், வங்கிக் கணக்கு இலக்கம், நட்டஈட்டுக்கு அனுப்பிய விண்ணப்பம் எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. இடம்பெயர்ந்தவர் உதவித் தொகைக்குக் காத்திருக்கிறார் என்பது மோசடிக்காரருக்கும் தெரியும். ஆகவே இந்தப் பெட்டியை எப்படிப் பூட்டுவது என்று நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நீட்சி என்றால் என்ன?

இணையத்தைப் பார்க்க நாம் பயன்படுத்தும் குரோம், பயர்பொக்ஸ் போன்றவற்றை உலாவி என்கிறோம். அந்த உலாவியோடு நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளே 'எக்ஸ்டென்ஷன்', தமிழில் நீட்சி.

மிளகு விலை பார்க்க ஒரு பக்கத்தைத் திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாம் கேட்டது ஒரு பக்கம்தான். ஆனால் அதோடு விளம்பர நிறுவனங்களின் துண்டுகளும் சேர்ந்து வருகின்றன. யார் வந்தார், எதைப் பார்த்தார் என்று அவை குறித்துக்கொள்கின்றன. சில விளம்பரங்கள் போலிப் பக்கங்களுக்கே இழுத்துச் செல்கின்றன. நல்ல நீட்சி வாசலில் நிற்கும் காவற்காரனைப் போன்றது. தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்து, வேண்டாதவரை வெளியிலேயே நிறுத்தி விடுகிறது. விளம்பரம் இறங்காததால் நமது டேட்டாவும் மிச்சமாகிறது.

எது எதற்கு உதவும்?

1. யூபிளொக் ஒரிஜின்: விளம்பரங்களையும் பின்தொடர்வோரையும், தீங்கானவை எனப் பட்டியலிடப்பட்ட முகவரிகளையும் தடுப்பது. 2014 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. குரோம் தன் விதிகளை மாற்றியபின் அதில் 'லைட்' எனும் சுருக்கப் பதிப்பே கிடைக்கிறது. பயர்பொக்ஸில் முழுமையாகக் கிடைக்கிறது.

2. பிரைவசி பாட்ஜர்: அமெரிக்காவின் எலக்ட்ரோனிக் புரொன்டியர் பவுண்டேஷன் எனும் உரிமை அமைப்பு தருவது. ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்கு நம்மைப் பின்தொடர்வோரைத் தடுக்கிறது.

3. பிட்வோர்டன்: கடவுச்சொற்களைப் பூட்டி வைப்பது. வங்கியின் உண்மையான முகவரியோடு சேர்த்தே கடவுச்சொல்லைச் சேமிக்கிறது. பார்வைக்கு அதே போலிருக்கும் போலிப் பக்கம் நம் கண்ணை ஏமாற்றலாம். முகவரி வேறாக இருப்பதால் இது கடவுச்சொல்லை நிரப்பாது. அது நிரப்ப மறுத்தால் நாமும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எம்மில் பலரிடம் கணினி இல்லை, அன்ட்ரொயிட் போன் மட்டுமே உண்டு. அதிலுள்ள குரோம் நீட்சிகளை ஏற்பதில்லை. பயர்பொக்ஸ் ஏற்கும். பிளே ஸ்டோரிலிருந்து பயர்பொக்ஸை இறக்கி, மூன்று புள்ளிப் பட்டியலில் எக்ஸ்டென்ஷன் பகுதிக்குப் போய், யூபிளொக் ஒரிஜினைச் சேர்த்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

காவற்காரனே கள்வனானால்?

இங்குதான் அதிக கவனம் தேவை. உலாவியில் நாம் பார்ப்பதையும் எழுதுவதையும் வாசிக்கும் அனுமதியைப் பல நீட்சிகள் கேட்கின்றன. அது வீட்டின் எல்லா அறைச் சாவியையும் ஒருவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

'த கிரேட் சஸ்பென்டர்' எனும் நீட்சியை இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் நம்பிப் பயன்படுத்தினர். 2020இல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றார். பிறகு அதில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூறி 2021 பெப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் எனும் பாதுகாப்பு நிறுவனத்தின் நீட்சியே பறிபோனது. ஒரு பொய் மின்னஞ்சலால் அதன் ஊழியர் ஒருவர் ஏமாற்றப்பட்டார். அதைக் கொண்டு திருட்டு நிரல் புதுப்பிப்பாக அனுப்பப்பட்டது.

எனவே நீட்சிகளைக் குவிக்க வேண்டாம். ஒன்றிரண்டு போதும். உலாவியின் சொந்தக் கடையிலிருந்தே எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பிலிருந்து அல்ல. 'விரைவாகப் பணம் பெற இந்த நீட்சியைச் சேருங்கள்' என்று எந்தப் பக்கமாவது சொன்னால் அதை மூடிவிட வேண்டும். பயன்படுத்தாததை அகற்றிவிட வேண்டும்.

கொமியூனிகேஷன் கடையில்

விண்ணப்பத்தை நிரப்பவும் படிவத்தை அச்சிடவும் கொமியூனிகேஷன் கடைக்குப் போகிறோம். அந்தக் கணினியில் யார் யார் என்னென்ன நீட்சி சேர்த்திருக்கிறார்கள் என்பது கடைக்காரருக்கே தெரியாமலிருக்கலாம். அங்கு வங்கிக் கணக்கைத் திறக்காதிருப்பதே நல்லது. விண்ணப்ப வேலைக்குத் தனிப்பட்ட சாளரத்தைக் கேட்டு வாங்குங்கள். 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் எனச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, இறக்கிய அடையாள அட்டைப் படத்தை அழித்துவிட்டு எழும்புங்கள்.

நீட்சியால் முடியாதவை

தொலைபேசியில் ஒருவர் அதிகாரியைப் போலப் பேசி, போனுக்கு வந்த ஓடிபி இலக்கத்தைக் கேட்டு, நாம் அதைச் சொல்லிவிட்டால் எந்த நீட்சியாலும் காப்பாற்ற முடியாது. பூட்டுச் சின்னம் இருப்பதால் மட்டும் ஒரு தளம் நேர்மையானதாகி விடாது. போலித் தளத்திலும் பூட்டு இருக்கும். அரசாங்கத் தளமென்றால் முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதி ஜி-ஓ-வி புள்ளி எல்-கே என்று முடிகிறதா எனப் பாருங்கள். சந்தேகமிருந்தால் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ நேரில் கேளுங்கள். ஒரு நாள் சுணக்கம் நட்டமல்ல.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். முதலில் வங்கிக்கு அறிவித்துக் கணக்கை நிறுத்துங்கள். பிறகு பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் இத்தகைய குற்றங்களுக்கானது. இலங்கை செர்ட் நிறுவனத்தை 101 எனும் இலக்கத்தில் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

கூடிப் பேசுவோம்

மாதர் சங்கத்திலும் விவசாயிகள் சங்கத்திலும் இந்தக் கேள்விகளை எடுத்துப் பேசலாம்:

1. எமது குடும்பத்தின் வங்கி, அடையாள அட்டை விபரங்கள் யார் யாருடைய போனில் இருக்கின்றன?
2. எமது உலாவியில் நாம் அறியாத நீட்சி ஏதும் உண்டா?
3. எமது பிள்ளைகளில் யார், வயதானவர்களின் போனில் இதைச் செய்து கொடுக்க முன்வருவார்?

காணி போனவர்களுக்குக் கையில் மிஞ்சியிருப்பது அந்தச் சிறு உதவித் தொகைதான். அதையும் பறிகொடுக்காமல் காப்பது எம் எல்லோருடைய வேலை.